பிரிட்ஜ் பிக்கப் மாற்றும் முன்: ஓம் கணக்கைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை

எலக்ட்ரிக் கிதாரில் பிரிட்ஜ் பிக்கப்பை (ஸ்ட்ரிங்கின் அசைவை மின் சிக்னலாக்கும் காந்தமும் காயிலும் கொண்ட பாகம் பிக்கப்; பிரிட்ஜ் பக்கம் இருப்பது பிரிட்ஜ் பிக்கப்) மாற்ற நினைப்பவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி "இது எத்தனை கே?" என்பதுதான். எட்டு கிலோ ஓம் என்றால் சாது, பதினாறு கிலோ ஓம் என்றால் முரடு என்று ஒரு கணக்கு எல்லோர் மனதிலும் பதிந்து போயிருக்கிறது. அந்த ஒரே எண்ணை நம்பிப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி, மாட்டி வாசித்துப் பார்த்தால் பழைய குறை அப்படியே இருக்கும், அல்லது புதுக் குறை ஒன்று முளைத்திருக்கும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களிலேயே தேர்வுக்கு மிகக் குறைவாக உதவுவது இந்த ஓம் எண்தான். வேறு எதைப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பிரிட்ஜ் பிக்கப் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஃபெண்டர் வகைக் கிதாரில் நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கத்தில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் கட்டை) சாடில் (பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் துண்டு) வரை ஸ்ட்ரிங்கின் நீளம் 648 மி.மீ. கழுத்துப் பக்கம் இருக்கும் நெக் பிக்கப் சாடிலிலிருந்து சுமார் 16 செ.மீ. தள்ளி இருக்கிறது. பிரிட்ஜ் பிக்கப் சுமார் 4 செ.மீ. தூரத்திலேயே இருக்கிறது. சாடிலில் கட்டுண்ட ஸ்ட்ரிங் அதன் பக்கத்தில் பெரிதாக அசைய முடியாது. எங்கும் அழுத்தாமல் மீட்டிய ஸ்ட்ரிங்கின் அடிப்படைச் சுரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், நெக் பிக்கப்புக்கு மேலே இருக்கும் அசைவில் கால் பங்குக்குச் சற்றே கூடுதலாகத்தான் பிரிட்ஜ் பிக்கப்புக்குக் கிடைக்கும். மேல் ஹார்மோனிக்குகள் அந்த அளவுக்குக் குறைவதில்லை. அதனால்தான் அங்கிருந்து வரும் ஒலி மெலிந்து, கூர்மையாக, சில சமயம் காதைக் குத்துவதாக இருக்கிறது. சதைப்பிடிப்பு எவ்வளவு வேண்டும், கூர்மையில் எவ்வளவைக் காப்பாற்ற வேண்டும் என்ற பேரம்தான் பிரிட்ஜ் பிக்கப் தேர்வு.

ஆரம்ப காலத்தில் இந்தப் பேரத்தைப் பெரும்பாலும் யாரும் பேசவில்லை. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று இடங்களுக்கும் ஒரே மாதிரிப் பிக்கப்தான். கிப்சன் நிறுவனத்தில் செத் லவர் வடிவமைத்த ஹம்பக்கருக்கு (ஹம் அடங்குவதற்காக இரண்டு காயில் வைத்த பிக்கப்) 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1959இல் கிடைத்தது. 'பேட்டன்ட் அப்ளைட் ஃபார்' (காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது) என்ற ஸ்டிக்கரோடு வந்ததால் அவற்றுக்கு பிஏஎஃப் என்ற பெயர் நிலைத்தது. அவற்றையும் நெக்குக்கு வேறு, பிரிட்ஜுக்கு வேறு என்று சுற்றவில்லை. கையில் வந்ததை எடுத்துப் பொருத்தினார்கள். பிரிட்ஜ் இடத்துக்கென்றே வலுவாகச் செய்த மாற்றுப் பிக்கப் தனிச் சரக்காகக் கடைக்குப் பரவலாக வந்தது 1970களில். டிமார்சியோவின் சூப்பர் டிஸ்டார்ஷன் 1972இல் வந்தது, இன்றும் விற்கிறது.

வாங்கும் முன் ஒரு மணி நேரம்

இப்போது இருக்கும் பிக்கப்பின் உயரத்தைச் சரிசெய்து பார்க்காமல் அதைக் குறை சொல்லக் கூடாது. கடைசி ஃப்ரெட்டில் இரண்டு ஓரத்து ஸ்ட்ரிங்குகளையும் அழுத்திப் பிடியுங்கள். ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கத்திலிருந்து போல்பீஸின் (பிக்கப்பில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் கீழே இருக்கும் உலோகத் துண்டு) தலை வரை ஸ்டீல் ஸ்கேலால் அளவெடுங்கள். பிரிட்ஜ் ஹம்பக்கர் என்றால் 1.6 முதல் 2.4 மி.மீ. வரை நல்ல தொடக்கம். ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை சிங்கிள் காயில், அதாவது ஒற்றைக் காயில் பிக்கப் என்றால் தடித்த ஸ்ட்ரிங் பக்கம் 2.4, மெல்லிய பக்கம் 2 மி.மீ. அங்கிருந்து ஸ்க்ரூவை அரைச் சுற்று இறக்கி, ஒரே ஆம்ப், ஒரே வால்யூமில் ஒரே வாசிப்பை வாசித்துக் கேளுங்கள். பிக்கப் இறங்க இறங்க முதல் அடியின் குத்து குறையும், சுரம் மூச்சு விடும், சத்தமும் கொஞ்சம் குறையும். ஏற்றினால் சத்தமும் குத்தும் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் அடி மட்டும் பெரிதாகி, சுரம் அழுந்திப் போகும். தடித்த ஸ்ட்ரிங் பக்கம் மட்டும் அரை மில்லிமீட்டர் இறக்கினாலே கலங்கல் தெளிந்துவிடுவது உண்டு. இதைச் செய்யாமல் தூக்கிப் போட்ட பிக்கப்புகளில் பாதியாவது நல்ல பிக்கப்புகளாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

ஒலி காதைக் குத்துகிறது என்பதுதான் குறை என்றால் இன்னும் இரண்டு இடத்தைப் பாருங்கள். பழைய முறை வயரிங்கில் ஸ்ட்ராட்டின் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் கண்ட்ரோலே கிடையாது. இரண்டு டோன் குமிழ்களும் நெக்குக்கும் நடுவுக்கும்தான். ஸ்விட்சில் பிரிட்ஜ் முனையிலிருந்து நடு டோன் முனைக்கு ஒரு சிறு வயர் பாலம் போட்டால் போதும், பிரிட்ஜுக்கும் டோன் வந்துவிடும். செலவு இரண்டு சொட்டு ஈயம்.

மற்றொன்று கேபிள். சாதாரணக் கிதார் கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பைக்கோஃபாரட் கபாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) இருக்கும். 2.4 ஹென்றி இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் காயிலின் தன்மை) உள்ள ஸ்ட்ராட் பிக்கப்பை 3 மீட்டர் கேபிளில் செருகினால் அதன் ஒலி உச்சம் 5 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கும். 6 மீட்டர் கேபிளில் அதுவே 3.8 கிலோ ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். வயர்லெஸ் வாங்கியதும் கிதார் திடீரென்று கீச்சிடுகிறது என்பவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். நீண்ட கேபிள் விழுங்கிக்கொண்டிருந்த கூர்மை வெளியே வந்துவிட்டது. பிக்கப் அதேதான்.

இரைச்சல்தான் தொல்லை என்றாலும் முதலில் பிளக் பாயிண்டைச் சந்தேகியுங்கள். நம் வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருந்தும் எர்த் வயர் இணைக்கப்படாமலே இருப்பது சாதாரணம். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் கிளப்பும் கரகரப்பை சிங்கிள் காயில் அப்படியே வாங்கிக் கொடுக்கும். ஹம்பக்கர் போட்டால் 50 ஹெர்ட்ஸ் ஹம் அடங்கும். ஆனால் எர்த் இல்லாத கோளாறை எந்தப் பிக்கப்பும் தீர்க்காது. அது ஆபத்தும்கூட, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்ய வேண்டிய வேலை.

இவ்வளவும் செய்த பிறகும் குறை இருந்தால், அதை வார்த்தையில் எழுதிக்கொள்ளுங்கள். மெலிவா, குத்தலா, கலங்கலா, மூக்கால் பாடுவது போலிருக்கிறதா, டிஸ்டார்ஷன் போட்டதும் அடித்தளம் (தாழ்ந்த சுரங்கள்) குழைந்து போகிறதா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

அந்த ஓம் எண்

மல்டிமீட்டர் காட்டும் டிசி ரெசிஸ்டன்ஸ் என்பது காயிலில் சுற்றியிருக்கும் செம்பு வயரின் தடை, அவ்வளவுதான். அந்த வயர் எவ்வளவு நீளம், எவ்வளவு மெலிவு என்ற இரண்டும் அதில் கலந்து கிடக்கின்றன. பிஏஎஃப் பாணி ஹம்பக்கரின் இரண்டு காயிலிலும் சேர்த்துச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் வயர் இருக்கும். 42 கேஜ் வயருக்கு (கேஜ் எண் கூடக் கூட வயர் மெலியும்) மீட்டருக்கு ஏறத்தாழ 5.4 ஓம்; ஆகவே சுமார் 8 கிலோ ஓம் வருகிறது. அதே நீளத்தை 43 கேஜில் சுற்றினால் பத்தரை. 44 கேஜில் பன்னிரண்டே முக்கால். சுற்று கூடவில்லை, காந்தம் மாறவில்லை. எண் மட்டும் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. வயரின் கேஜ் தெரியாமல் இரண்டு பிக்கப்புகளின் ஓம் எண்ணை ஒப்பிடுவதில் பொருளில்லை. ஒரே கம்பெனி, ஒரே மாடல் குடும்பம், ஒரே வயர் என்றால் மட்டும் ஒப்பிடலாம்.

வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 8.0 கிலோ ஓம் காட்டும் பிக்கப், சென்னையின் 33 டிகிரி அறையில் 8.4 காட்டும். வந்த பிக்கப் ஸ்பெக்கில் சொன்ன எண்ணோடு ஒத்துப்போகவில்லை, போலியோ என்று பதறும் முன் இதைக் கணக்கில் எடுங்கள். கிதாருக்குள் பொருத்திய பிறகு கேபிள் வழியாக அளந்தால் வால்யூம் பாட் (குமிழுக்கு அடியில் இருக்கும், திருப்பினால் மாறும் ரெசிஸ்டர்) பக்கவாட்டில் சேர்ந்துகொள்வதால் 500 கே பாட்டில் 8.0 என்பது 7.87 ஆகத் தெரியும்.

கேட்க வேண்டிய எண் இண்டக்டன்ஸ். ஒலியின் நிறத்தை அதிகம் தீர்மானிப்பது இதுதான். பிக்கப்பின் இண்டக்டன்ஸும் கேபிளின் கபாசிட்டன்ஸும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒலியைத் தூக்கிவிட்டு, அதற்கு மேலே சரசரவென்று வெட்டிவிடும். 5 மீட்டர் கேபிளையும் காயிலின் சொந்தக் கபாசிட்டன்ஸையும் சேர்த்து 600 பைக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.4 ஹென்றி உள்ள ஸ்ட்ராட் சிங்கிள் காயிலுக்கு அந்த மேடு 4.2 கிலோ ஹெர்ட்ஸில் வரும்: கண்ணாடி போன்ற பளபளப்பு. 4.4 ஹென்றி உள்ள பிஏஎஃப் வகைக்கு 3.1 கிலோ ஹெர்ட்ஸ்: கூர்மை உண்டு, சதையும் உண்டு. 8 ஹென்றி உள்ள வலுவான ஹம்பக்கருக்கு 2.3 கிலோ ஹெர்ட்ஸ்: நடுப்பகுதி முன்னால் வந்து நிற்கும், மேலே உள்ள பளபளப்பு போய்விடும். உங்கள் குறை மெலிவு என்றால் ஹென்றியைக் கூட்டுங்கள். கலங்கல் என்றால் குறையுங்கள். எல்லாத் தயாரிப்பாளர்களும் இந்த எண்ணைத் தருவதில்லை. தருபவர்களை நான் கூடுதலாக மதிக்கிறேன். எல்சிஆர் மீட்டர் கையில் இருந்தால் நீங்களே அளக்கலாம். ஆனால் 100 ஹெர்ட்ஸில் அளந்ததையும் 1 கிலோ ஹெர்ட்ஸில் அளந்ததையும் ஒப்பிடாதீர்கள், உள்ளே இருக்கும் இரும்பு அந்த அளவைச் சற்று மாற்றும்.

காந்தம்

காந்தம் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள பிக்கப் கம்பெனியான சீமோர் டங்கனின் மூன்று மாடல்கள் கிட்டத்தட்ட பாடநூல் மாதிரி. கஸ்டம், கஸ்டம் ஃபைவ், கஸ்டம் கஸ்டம் என்று பெயர். மூன்றிலும் சுமார் 14 கிலோ ஓம் உள்ள ஒரே சுற்று. காந்தம் மட்டும் முறையே செராமிக், அல்நிக்கோ 5, அல்நிக்கோ 2 (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்தம் அல்நிக்கோ). செராமிக்கில் அடித்தளம் இறுகி, முதல் அடி உடனே வெட்டிக்கொண்டு வருகிறது. டிஸ்டார்ஷனில் வேகமாக உள்ளங்கையால் அமுக்கி வாசிப்பவர்களுக்கு இது வேண்டும். அல்நிக்கோ 5இல் அடித்தளமும் மேல்பகுதியும் நிமிர்ந்து, நடு சற்றே பின்வாங்குகிறது. அல்நிக்கோ 2இல் அடித்தளம் தளர்ந்து, குத்தல் மழுங்கி, நடுப்பகுதி பாடுகிறது. ஏற்கனவே கீச்சிடும் கிதாருக்கு அது இதம். கலங்கலான கிதாரில் போட்டால் கலங்கல் இன்னும் கூடும்.

இதிலிருந்து ஒரு சிக்கன வழியும் கிடைக்கிறது. ஹம்பக்கரில் இருப்பது சுமார் 63 மி.மீ. நீளம், 12.5 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனமுள்ள ஒரு பட்டைக் காந்தம். அதை மட்டும் தனியாக வாங்கலாம், புதுப் பிக்கப் விலையில் சிறு பங்குதான். அடித்தட்டின் நான்கு ஸ்க்ரூவைத் தளர்த்தி (முழுதாகக் கழற்ற வேண்டாம்), பழையதைப் பக்கவாட்டில் தள்ளி எடுத்துப் புதியதைச் செருக வேண்டும். தள்ளும் முன் பழைய காந்தத்தின் மேல் பக்கத்திலும், ஸ்க்ரூ தலைகள் தெரியும் காயிலைப் பார்க்கும் ஓரத்திலும் மார்க்கரால் அடையாளம் போடுங்கள். புதியதை அதன்மேல் வைத்து எந்த ஓரம் ஒட்டுகிறது, எது தள்ளுகிறது என்று பார்த்து (ஒன்றையொன்று தள்ளும் ஓரங்கள்தான் ஒரே துருவம்) பழையது இருந்த அதே திசையில் செருகுங்கள். மாற்றிச் செருகினால் மற்றப் பிக்கப்போடு சேர்க்கும்போது ஒலி மெலிந்து மூக்கால் பேசும். ஸ்க்ரூ டிரைவர் முனை காயில் பக்கம் வழுக்கக் கூடாது. முடியைவிட மெல்லிய வயர், ஒரு கீறல் பட்டால் பிக்கப் முடிந்தது. மெழுகில் தோய்த்த பிக்கப்பாக இருந்தால் ஓரத்து மெழுகை மெதுவாகச் சுரண்டிவிட்டுச் செய்ய வேண்டும்.

உலோக மூடி பற்றியும் ஒரு வார்த்தை. நிக்கல் சில்வரில் செய்த மூடி ஒலியை மிகக் கொஞ்சம்தான் மாற்றும். மலிவான பித்தளை மூடி உச்சத்தை உண்டுவிடும். பழைய பிக்கப்பில் மூடி இருந்து ஒலி மந்தமாக இருந்தால், குற்றவாளி அந்த மூடியாகவும் இருக்கலாம்.

பொருந்துமா?

ஓரத்து ஸ்ட்ரிங்குகளின் நடுவிலிருந்து நடுவுக்கான தூரத்தைப் பிக்கப் இருக்கும் இடத்துக்கு மேலேயே அளவெடுங்கள், சாடிலில் அல்ல. கிப்சன் வகைப் பிக்கப்புகளின் போல்பீஸ் அகலம் 49 மி.மீ. வாக்கில் இருக்கும். ட்ரெமலோ பிரிட்ஜ் உள்ள கிதார்களுக்கு டிமார்சியோ எஃப் ஸ்பேஸ் என்று 51 மி.மீ. அளவிலும், டங்கன் ட்ரெம்பக்கர் என்று 52 முதல் 53 மி.மீ. அளவிலும் தருகிறார்கள். ஃபெண்டரின் பழைய பாணி ஆறு ஸ்க்ரூ பிரிட்ஜில் சாடில் அகலமே 56 மி.மீ.; அதற்கு அகலமானதையே எடுங்கள். ஓரத்தில் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் விலகினால் ஒலி செத்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை, காந்தப்புலம் அவ்வளவு குறுகியது அல்ல. கண்ணுக்குத்தான் அதிகம் உறுத்தும். ஆணி போன்ற போல்பீஸுக்குப் பதில் நீளப் பட்டை வைத்த ரெயில் பிக்கப்புகளில் இந்தப் பிரச்சினையே கிடையாது. சிங்கிள் காயில் துளைக்குள் ஹம்பக்கர் வேண்டுமென்றால் டங்கனின் ஹாட் ரெயில்ஸ், டிமார்சியோவின் ஃபாஸ்ட் ட்ராக் போன்றவை அந்த வகை. மரத்தைக் குடைய வேண்டாம்.

ஆழத்தையும் பாருங்கள். ஹம்பக்கரின் இரு பக்கக் கால்கள் நீளம், குட்டை என இரண்டு வகை. குழி ஆழமில்லாத கிதாரில் நீளக் கால் அடியில் முட்டி, பிக்கப் தேவையான அளவுக்கு இறங்காது. உயரம் மாற்றும் ஸ்க்ரூவும் புதுப் பிக்கப்போடு வந்ததையே போடுங்கள். மெட்ரிக் ஸ்க்ரூவை அங்குல மரையில் முறுக்கினால் இரண்டு சுற்றில் காலின் மரை தேய்ந்துவிடும்.

டெலிகாஸ்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அதன் பிரிட்ஜ் பிக்கப்புக்கு அடியில் இரும்புத் தட்டு ஒன்று உண்டு; அந்தத் தட்டு, பிக்கப்பைப் பிடிக்கும் ஸ்க்ரூக்கள், பிரிட்ஜ் தகடு என்ற வழியாகத்தான் பெரும்பாலும் ஸ்ட்ரிங்குகளுக்கு கிரவுண்ட் போகிறது. தட்டு இல்லாத பிக்கப்பை மாட்டினால் அந்த வழி அறுந்துபோய், ஸ்ட்ரிங்கைத் தொடாதபோதும் தொட்டபோதும் ஹம் நீங்காமல் நிற்கும். பிரிட்ஜ் தகட்டுக்கு அடியிலிருந்து வால்யூம் பாட்டின் முதுகுக்குத் தனியாக ஒரு வயர் இழுத்தால் சரியாகிவிடும். நெக் பிக்கப்போடு ஃபேஸ் (இரண்டின் சிக்னலும் ஒரே திசையில் ஏறி இறங்குவது) ஒத்துப்போகவில்லை என்று டெலி பிக்கப்பின் இரண்டு வயரையும் அப்படியே மாற்றிப் போடாதீர்கள். அடித்தட்டைக் கிரவுண்டோடு சேர்க்கும் சிறு வயரை வெட்டி, தட்டுக்குத் தனிக் கிரவுண்ட் கொடுத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் தட்டும் பிரிட்ஜும் சிக்னலோடு சேர்ந்துவிடும்.

மற்றப் பிக்கப்புகளோடு ஒத்துப்போவது

எச்எஸ்எஸ் கிதார் நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் அமைப்பு: நெக்கிலும் நடுவிலும் சிங்கிள் காயில், பிரிட்ஜில் ஹம்பக்கர். இதில் பலர் செய்யும் தவறு, கிடைப்பதிலேயே வலுவான ஹம்பக்கரைப் பிரிட்ஜில் போடுவது. நடுப் பிக்கப்பிலிருந்து பிரிட்ஜுக்கு மாறும்போது சத்தம் ஒரே தாவாகத் தாவும். க்ளீன் ஒலியில் அதைச் சமாளிக்கப் பிரிட்ஜை இறக்கிக்கொண்டே போனால், காசு கொடுத்து வாங்கிய வலு எங்கே போயிற்று? பழைய பாணி சிங்கிள் காயில்கள் பக்கத்தில் இருந்தால் 42 கேஜில் 8 முதல் 9 கிலோ ஓம் வரை சுற்றிய, அல்நிக்கோ போட்ட ஹம்பக்கர்தான் என் தேர்வு. டங்கனின் 59 மாடல் இந்த வகை, பிரிட்ஜுக்குச் சுமார் 8.1, அல்நிக்கோ 5. லீட் வாசிப்புக்கு நடுப்பகுதி தூக்கலாக வேண்டும் என்றால் அவர்களுடைய ஜேபி, சுமார் 16.4 கிலோ ஓம், அதுவும் அல்நிக்கோ 5தான். அதன் மேல் நடுப்பகுதியில் ஒரு முள் உண்டு. பிரகாசமான கிதாரில் 500 கே பாட்டோடு அது குத்தும், 250 கே பாட்டோடு அமரும்.

பாட்டின் மதிப்பு என்பது பிக்கப் மேல் ஏற்றும் சுமை. வால்யூமும் டோனும் 500 கே என்றால் மொத்தச் சுமை 250 கே. இரண்டும் 250 கே என்றால் 125 கே. சுமை கூடக் கூட, அதாவது இந்த எண் குறையக் குறைய, அந்த மேடு தட்டையாகும். ஹம்பக்கருக்கு 500, சிங்கிள் காயிலுக்கு 250 என்பது வழக்கம். எச்எஸ்எஸ்ஸில் 500 போட்டு, சிங்கிள் காயில்கள் கிரீச்சிட்டால் அந்த இரண்டு பிக்கப்புகளின் சிக்னல் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஒவ்வொரு 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். பாட்டில் அச்சிட்ட எண்ணை நம்ப வேண்டாம். பத்து, இருபது சதவீதம் விலகல் சாதாரணம். 500 என்று எழுதியது 410 இருக்கும். ரிச்சி தெருவிலோ வேறெங்கோ வாங்கும்போது மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோய் அளந்து எடுங்கள். அங்குல அளவுப் பெரிய பாட்டுக்கு 9.5 மி.மீ. துளை வேண்டும். மலிவான கிதார்களில் துளை அதைவிடச் சிறியது. பழைய குமிழும் புதுப் பாட்டின் பல்லில் உட்காராமல் போகலாம்.

ஸ்ப்ளிட் (ஹம்பக்கரில் ஒரு காயிலை மட்டும் வேலை செய்ய வைப்பது) வேண்டும் என்பவர்கள் நான்கு வயர் பிக்கப்பாகப் பார்த்து வாங்க வேண்டும். 8 கிலோ ஓம் ஹம்பக்கரை ஸ்ப்ளிட் செய்தால் மிஞ்சுவது 4 கிலோ ஓம் காயில்; ஒலி ஒல்லியாகத்தான் இருக்கும். வலுவான ஹம்பக்கர் ஸ்ப்ளிட்டில் நன்றாக நிற்கும். ஸ்ப்ளிட்டுக்காகவே வலு கூடியதை எடுப்பதில் நியாயம் இருக்கிறது. நடுப் பிக்கப்போடு சேரும் நிலையில் ஹம் அடங்க வேண்டுமானால், ஸ்ப்ளிட்டில் உயிரோடு இருக்கும் காயில் நடுப் பிக்கப்புக்கு எதிர்ச் சுற்று, எதிர்க் காந்தமாக இருக்க வேண்டும். ஹம் வந்தால் மற்றக் காயிலை உயிரோடு வைக்கும்படி வயரை மாற்றுங்கள்.

இஎம்ஜி 81 போன்ற ஆக்டிவ் பிக்கப் வேறு உலகம். 9 வோல்ட் பேட்டரிக்கு இடம், 25 கே பாட், ஸ்டீரியோ ஜாக் எல்லாம் சேர்த்தே வேண்டும். ஒரே ஒரு பிக்கப்பை மட்டும் ஆக்டிவாக மாற்றி மற்றதைப் பாசிவாக விடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஈயம் வைக்கும் வேலை

முதலில் உள்ளே இருப்பதைப் பல கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 25 வாட் சால்டரிங் அயர்ன் ஸ்விட்சுக்குப் போதும். பாட்டின் முதுகுக்குப் போதாது. அந்தப் பெரிய உலோகத் தகடு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், ஈயம் உருண்டையாக மேலே உட்காரும், பிடிக்காது. 40 முதல் 60 வாட், அகல முனை, 60/40 ரெசின் ஈயம், 0.8 மி.மீ. பாட்டின் முதுகை உப்புத்தாளால் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, முதலில் அங்கே ஈயம் பூசி, வயர் முனையிலும் தனியாகப் பூசி, பிறகு இரண்டையும் சேர்த்து மூன்று நான்கு விநாடி. ஆறும்வரை வயரை ஆட்டக் கூடாது. ஆறிய பிறகு பற்று பளபளப்பாகத் தெரிய வேண்டும். சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தால் மறுபடி சூடாக்குங்கள்.

டங்கன் நான்கு வயரில் கறுப்பு சிக்னல். சிவப்பும் வெள்ளையும் தங்களுக்குள் சேரும். பச்சையும் உறையில்லாத வயரும் கிரவுண்ட். டிமார்சியோவில் சிவப்பு சிக்னல். கறுப்பும் வெள்ளையும் தங்களுக்குள். பச்சையும் உறையில்லாததும் கிரவுண்ட். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஸ்ப்ளிட் இல்லை என்றால் அந்த நடு இணைப்பை ஈயம் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்கள். அது எங்காவது கிரவுண்டில் பட்டால் ஒரு காயில் அணைந்து, ஒலி மெலிந்து ஹம் அடிக்கும். உறையில்லாத வயர் சிக்னல் முனையைத் தொட்டால் ஒலியே வராது. வளைத்து விடாமல் மேலே சிறு குழாய் போட்டு நிறுத்துங்கள்.

பிக்கார்டை (வயரிங்கை மறைக்கும் முகத் தகடு) மூடும் முன் ஃபேஸ் சோதனை செய்துவிடலாம். டிஜிட்டல் மீட்டர் எண் மெதுவாக மாறும் என்பதால் முள் மீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு. பிக்கப்பின் இரு முனையையும் மீட்டரின் குறைந்த டிசி வோல்ட் ரேஞ்சில் இணைத்து, இரும்பு ஸ்க்ரூ டிரைவரைப் போல்பீஸ் மேல் சட்டென்று வைத்து எடுங்கள். வைக்கும்போது முள் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய நடுப் பிக்கப்பிலும் அதையே செய்யுங்கள். இரண்டும் ஒரே பக்கம் துள்ள வேண்டும். எதிரெதிராகத் துள்ளினால் புதுப் பிக்கப்பின் சிக்னல் வயரையும் பச்சையையும் மாற்றுங்கள். உறையில்லாத வயர் மட்டும் கிரவுண்டிலேயே இருக்க வேண்டும். ஒற்றை வயரும் பின்னல் உறையும் கொண்ட பழைய பாணி ஹம்பக்கரில் இப்படி மாற்ற முடியாது. அதில் காந்தத்தைத் திருப்பிச் செருகுவதுதான் சுலப வழி.

கேபிளைச் செருகி, ஒவ்வொரு ஸ்விட்ச் நிலையிலும் போல்பீஸை லேசாகத் தட்டிப் பாருங்கள். எந்த நிலையில் எது உயிரோடு இருக்கிறது என்று ஆம்ப் சொல்லிவிடும். ஸ்ட்ரிங் மாட்டி ட்யூன் செய்த பிறகு, 2.4 மி.மீ. உயரத்திலிருந்து மறுபடி தொடங்கி, மற்றப் பிக்கப்போடு சத்தம் சமமாகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். புதுப் பிக்கப்பின் பாதி ஒலி அந்தக் கடைசி அரைச் சுற்றுகளில்தான் இருக்கிறது. ஆம்ப் சத்தமாக இருக்கும்போது வாசிக்காமலே 'ஊய்' என்று கூவினால் காயில் மெழுகில் சரியாக முக்கப்படவில்லை. உத்தரவாதம் இருக்கும்போதே திருப்பிக் கொடுங்கள்.

கழற்றிய பழைய பிக்கப்பின் வயரைக் குட்டையாக வெட்டிவிடாதீர்கள். எந்த நிறம் எங்கே போயிற்று, மீட்டர் காட்டிய ஓம் எவ்வளவு, அன்றைக்கு அறை வெப்பம் எத்தனை டிகிரி என்று ஒரு சீட்டில் எழுதி அதிலேயே சுற்றி, ஸ்க்ரூவையும் ஸ்பிரிங்கையும் ஒரே பையில் போட்டு வையுங்கள்.